தென்னாற்காட்டில் உலகப்போர் – 9: நெல்வயலுக்கு மேலே ஒரு பள்ளிக்கூடம்

சென்ற வாரம் 1942 ஏப்ரலில் நின்றோம். ஐந்தாம் தேதி, ஈஸ்டர் ஞாயிறன்று, கொழும்பில் ஜப்பானியர்களின் குண்டு விழுந்தது. மறுநாள் விசாகப்பட்டினமும் காக்கிநாடாவும். ஒன்பதாம் தேதி திரிகோணமலை. சென்னை மூட்டை கட்டியது. எழும்பூரிலிருந்து தெற்கே கிளம்பிய வண்டிகளில் கால் வைக்க இடமில்லை. கடலூர், சிதம்பரம், சீர்காழிப் பக்கம் சொந்தபந்தம் உள்ளவர்கள் பாத்திரம் பண்டத்தோடு வந்து இறங்கினார்கள்.

அதுவரை கடலூர்க்காரர்களுக்குச் சண்டை என்றால் கடல்தான். 1758-ல் தேவனாம்பட்டினம் செயின்ட் டேவிட் கோட்டையைப் பிரெஞ்சுத் தளபதி லாலி பிடித்தது கடல்வழி வந்த படையின் துணையோடு. 1783 ஜூன் 20-ல் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரேனும் ஆங்கிலேயத் தளபதி ஹியூஸும் கடலூருக்கு நேர் கிழக்கே பீரங்கிக் கப்பல்களோடு மோதினார்கள். 1914-ல் சென்னையைச் சுட்ட ஜெர்மன் போர்க்கப்பல் எம்டனும் கடலில் வந்த பயம்தான். பாட்டன் பூட்டன் காலந்தொட்டு இந்த ஊர் கிழக்கே பார்த்தே பயந்து பழகியது. 1942-ல்தான் தலையைத் தூக்கி மேலே பார்த்தது.

மேலே பார்த்தபோது நம் பக்கத்துக் காவலுக்கு என்ன இருந்தது? பரங்கிமலையில் கடலோரக் காவல் விமானப் பிரிவு ஒன்று இருந்தது. இந்திய விமானப்படையின் தொண்டர் சேமப்படையை வைத்துப் போர் தொடங்கிய பின் அமைத்த ஆறு பிரிவுகளில் அது ஒன்று. கையில் இருந்ததோ வாபிட்டி என்ற இரட்டைச் சிறகு விமானம், 1920-களின் சரக்கு. விமானம் தாங்கிக் கப்பல்களிலிருந்து அலையலையாக எழும்பி வருகிறவர்களை எதிர்க்க இது போதாது என்பது அதை ஓட்டியவர்களுக்கே தெரியும். ஆனாலும் பறந்தார்கள். கரையோரம் போகும் சரக்குக் கப்பல்களுக்குத் துணையாக, கடல்மேல் தினமும் போய்த் தேடிவிட்டுத் திரும்பினார்கள். அந்தத் துணிச்சலுக்கு இந்தத் தொடரில் ஒரு வரியாவது எழுதாமல் தாண்டிப் போக எனக்கு மனம் வரவில்லை.

அந்தக் கோடையில்தான் இந்தியா முழுக்க ஏரோட்ராம் கட்டும் வேலை சூடுபிடித்தது. 1942 தொடக்கத்தில், மழையிலும் விமானம் இறங்கக்கூடிய ஓடுதளங்கள் இந்த மாபெரும் நாட்டில் விரல்விட்டு எண்ணும்படிதான் இருந்தன. இருநூறுக்கும் அதிகமான தளங்களுக்குத் திட்டம் போட்டார்கள். 1943 நவம்பருக்குள் 275-க்கு மேல் எழும்பிவிட்டன. தென்னிந்தியத் தளங்களை நிர்வகித்தது பெங்களூரில் இருந்த பிரிட்டிஷ் விமானப்படையின் 225-ம் குழு. சோழவரம், தாம்பரம், அரக்கோணம், தஞ்சாவூர், திருச்சி, செட்டிநாடு, மதுரை, கயத்தாறு, சூலூர் என்று நம் ஊர்ப் பெயர்களெல்லாம் லண்டன் கோப்புகளில் ஏறியது அப்போதுதான். செங்குன்றம் ஏரியில்கூட கேட்டலினா என்ற நீர்விமானங்கள் இறங்கின. இன்று சென்னைக்குக் குடிதண்ணீர் தரும் அதே ஏரி.

தென்னாற்காடு ஜில்லாவின் பங்குக்கு வந்தது உளுந்தூர்பேட்டை.

ஜில்லாவின் தலைநகரம் கடலூர். கோயிலும் பல்கலைக்கழகமும் கொண்ட பேரூர் சிதம்பரம். இரண்டையும் விட்டுவிட்டு உளுந்தூர்பேட்டைக்கு ஏன் போனார்கள்? மண்ணைத் தொட்டுப் பார்த்தால் விடை கிடைக்கும். சிதம்பரம் பக்கம் கொள்ளிடமும் வெள்ளாறும் கொண்டு வந்து கொட்டிய வண்டல். ஐப்பசி கார்த்திகையில் மாட்டு வண்டியே அச்சுவரை புதையும். அங்கே பத்து டன் விமானத்தை இறக்க நினைப்பது நடக்கிற காரியமல்ல. கடலூரோ கடல்மடியில் இருக்கிறது. எதிரிக் கப்பலின் கண்ணுக்கும் பீரங்கிக்கும் எட்டுகிற தூரம். உளுந்தூர்பேட்டை கடலிலிருந்து ஏறக்குறைய 50 கிலோமீட்டர் உள்ளே தள்ளிய செம்மண் மேட்டு நிலம். மழை பெய்தால் வடிந்துவிடும். சென்னை – திருச்சி பெருவழிச் சாலை பக்கத்திலேயே போகிறது. விழுப்புரம் – விருத்தாசலம் கார்டு லைன் ரயில் பாதையும் அங்கேயே. பெட்ரோல் பீப்பாயும் வெடிகுண்டும் கொண்டுவந்து இறக்க இதைவிட வசதியான இடம் ஜில்லாவில் வேறு இல்லை. மானாவாரிக் காடுதானே என்ற அலட்சியமும் இதில் சேர்ந்திருக்கும் என்பது என் எண்ணம். நஞ்சையை எடுத்தால் நெல் போய்விடும் என்று கலெக்டர் யோசிப்பார். கம்பும் கேழ்வரகும் விளைகிற காட்டை எடுக்க அவ்வளவு யோசிக்க மாட்டார். அந்தக் கம்பை நம்பி இருந்த குடும்பத்துக்கு அதுதான் நஞ்சை.

நிலம் எடுக்க இந்தியப் பாதுகாப்பு விதிகளில் 75-ஏ என்று ஒரு விதி இருந்தது. போர்த்தேவை என்று ஓர் உத்தரவு போட்டால் போதும், நிலம் சர்க்கார் கைக்குப் போய்விடும். நஷ்டஈடு பின்னால் வரும். போர் முடிந்த பிறகும் அந்த அதிகாரத்தை நீட்டிக்க 1947-ல் தனியாக ஒரு சட்டமே கொண்டுவந்தார்கள். ‘பட்டாளத்துக்காரன் எடுத்துக்கிட்டான்’ என்று ஊரில் சொல்லும் ஒற்றை வாக்கியத்துக்குப் பின்னால் இருக்கும் சட்டம் இது.

ஓடுதளம் போடுவது எத்தனை பெரிய வேலை என்பதை ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பிரிட்டிஷ் விமானப்படையின் முதல்தர தளத்தில் முக்கிய ஓடுதளம் 2,000 கெஜம் நீளம், 50 கெஜம் அகலம். ஆக ஒரு லட்சம் சதுர கெஜம். ஏக்கரில் இருபதுக்கு மேல்; எங்கள் பக்கக் கணக்கில் பதினைந்து காணிக்கு மேல். அத்தனையும் கல்லும் சிமென்ட்டும். அரை அடி கனத்துக்குப் போட்டாலே நாலரை லட்சம் கன அடி கான்கிரீட் வேண்டும். அதற்கு முன் மேட்டைச் சீவி, பள்ளத்தை நிரப்பி, கீழே கருங்கல் ஜல்லி பரப்பி, மேலே செம்மண் சரளை கொட்டி, தண்ணீர் தெளித்து, ரோடு இன்ஜின் விட்டு அழுத்த வேண்டும். ஜல்லி இயந்திரத்தில் உடைபட்டு வரவில்லை. பெரும்பாலான இடங்களில் ஆண்களும் பெண்களும் குந்தியிருந்து சுத்தியலால் உடைத்தது. மண் கூடையில் போனது, தலைச்சுமையாக.

இந்தியாவில் விமானதளம் கட்டியதைப் பற்றி எழுதிய வெள்ளைக்காரர்கள் பலரும் வியந்து குறிப்பிடுவது இந்தப் பெண்களைத்தான். சும்மாட்டின் மேல் கூடை, இடுப்பில் குழந்தை, வரிசையாக நடை. அவர்களில் ஒருத்தியின் பெயரைக்கூட யாரும் எழுதி வைக்கவில்லை. கூலி வாங்கியபோது மஸ்டர் ரோலில் வைத்த கைநாட்டு ஒன்றுதான் அவர்கள் விட்டுப்போன எழுத்து.

இனி முக்கியமான கேள்விக்கு வருவோம். ஜப்பானியர்கள் ஏப்ரலுக்குப் பிறகு இந்தப் பக்கம் பெரிய படையோடு திரும்பி வரவில்லை. சண்டை நடந்ததோ அரக்கானிலும் இம்பாலிலும், ஆயிரம் மைலுக்கு அப்பால். பிறகு தமிழ்நாட்டில் இத்தனை தளங்கள் எதற்கு?

பள்ளிக்கூடம் நடத்தத்தான். என் தேடலில் கிடைத்த விடைகளில் நான் மிகவும் முக்கியமாகக் கருதுவது இது. தென்னிந்தியத் தளங்களில் பல, சண்டையைப் பார்த்ததைவிட சண்டைக்குப் போகிறவர்களைத் தயார் செய்ததே அதிகம். பர்மா முனையில் அடிபட்டுக் களைத்த படைப்பிரிவை இங்கே அழைத்துவந்து ஓய்வு கொடுப்பார்கள். பழைய விமானத்தை வாங்கிக்கொண்டு புதிய விமானத்தைக் கொடுப்பார்கள். புதியதை ஓட்டப் பழக்கி, குண்டு போடப் பழக்கி, மறுபடி முனைக்கு அனுப்புவார்கள். எதிரி எட்ட முடியாத, பெரும்பாலான மாதங்கள் வானம் தெளிந்திருக்கிற நாடு இதற்கு வேண்டும். நம் நாடு அப்படி அமைந்தது.

சிதம்பரத்திலிருந்து ஓர் இளைஞன் அந்தக் காலத்தில் விமானி ஆக விரும்பினால் அவன் போகவேண்டிய வழியைச் சொல்கிறேன். மீட்டர் கேஜ் வண்டியில் எழும்பூர். அங்கிருந்து சென்ட்ரல் போய் வடக்கே. தேர்வுக் குழுவில் தேறினால் லாகூரில் வால்டன் என்ற இடத்தில் தொடக்கப் பயிற்சி. காலணியும் கவாத்தும், வானிலையும் வழிகாணும் கணக்கும். பிறகு ஹைதராபாத் பேகம்பேட்டையிலோ ஜோத்பூரிலோ டைகர் மாத் பயிற்சி விமானம். அடுத்து அம்பாலாவில் ஹார்ட், ஆடாக்ஸ், பின்னாளில் ஹார்வர்டு. கடைசியாக எல்லைப்புறத்து ரிசால்பூர், பெஷாவர் பக்கம் ஹரிகேன் போர்விமானம். அதையும் தாண்டினால்தான் ஒரு படைப்பிரிவில் இடம்.

இவற்றில் டைகர் மாத்தைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். உடலுக்கு எஃகுக் குழாய்ச் சட்டம், சிறகுக்கு மரச் சட்டம், மேலே துணி, அதன்மேல் வார்னிஷ். 130 குதிரைசக்தி இன்ஜின், இன்று ஒரு காரில் இருப்பதுபோல. மூடியில்லாத இரண்டு இருக்கைகள். முன்னால் ஆசிரியர், பின்னால் மாணவன். பிரேக் கிடையாது. இன்ஜினைக் கிளப்ப பேட்டரியும் கிடையாது. கீழே ஒருவர் நின்று, மர விசிறியைக் கையால் பிடித்து, ‘காண்டாக்ட்’ என்று குரல் கொடுத்து ஒரு சுண்டு சுண்ட வேண்டும். சுண்டிய கையை அந்த நொடியே இழுத்துக்கொள்ள வேண்டும். தாமதித்தால் கை இருக்காது. மேலே போன பிறகு ஆசிரியர் சொல்வது மாணவன் காதுக்கு ஒரு குழாய் வழியாக வரும். மருத்துவரின் ஸ்டெதாஸ்கோப் மாதிரிதான், ஒலியைக் காற்றே சுமந்து வரும்.

பத்து மணி நேரம் பக்கம் இப்படிப் பறந்ததும் ஒரு நாள் காலை ஆசிரியர் இறங்கிக்கொள்வார். முன்னிருக்கைப் பட்டையை இறுக்கிக் கட்டிவிட்டு, நீ மட்டும் ஒரு சுற்று போய் வா என்பார். ஆசிரியரின் எடை இல்லாததால் விமானம் வழக்கத்தைவிடச் சீக்கிரம் தரையை விட்டு எழும்பும். மாணவனுக்கு முன்னால் காலி இருக்கை. காதில் மாட்டிய குழாயில் பேச ஆள் இல்லை. தனியாகப் பறந்து பழகிய விமானிகள் எந்த நாட்டவரானாலும் முதிய வயதிலும் மறக்காமல் சொல்கிற காலை அதுதான்.

ஹரிகேனில் அந்த வசதியும் இல்லை. அதில் ஒரே இருக்கை. ஆசிரியர் கூட ஏற இடமே கிடையாது. ஆயிரம் குதிரைசக்திக்கு மேலுள்ள இன்ஜின். எந்த விசை எங்கே என்று தரையில் வைத்துக் கண்ணைக் கட்டிக் கேட்பார்கள், கையால் தொட்டுக் காட்ட வேண்டும். முதல் முறை ஏறும்போதே தனியாகத்தான் ஏற வேண்டும்.

இந்திய விமானப்படையின் ஒரு படைப்பிரிவு நம் காவிரிக் கரையிலேயே பிறந்தது என்பது திருச்சிக்காரர்களில் பலருக்குத் தெரியாது. 1942 டிசம்பர் 1-ம் தேதி 8-ம் ஸ்குவாட்ரன் திருச்சிராப்பள்ளியில் அமைக்கப்பட்டது. அதே நாளில் 7-ம் ஸ்குவாட்ரன் விசாகப்பட்டினத்தில். பரங்கிமலை போன்ற இடங்களில் வாபிட்டி ஓட்டிய கடலோரக் காவல் பிரிவுகளைக் கலைத்து, அந்த ஆட்களைக் கொண்டு எழுப்பிய படைகள் இவை. கொடுத்த விமானம் வல்ட்டி வெஞ்சன்ஸ், அமெரிக்காவில் செய்த பாய்ச்சல் குண்டுவீச்சு விமானம். 1,600 குதிரைசக்தி, வாபிட்டி ஓட்டிய கைக்கு அது மாட்டு வண்டியிலிருந்து லாரிக்கு மாறியது போன்ற மாற்றம்.

வெஞ்சன்ஸ் குண்டு போடும் விதமே தனி. பத்தாயிரம் அடி உயரத்தில் இலக்குக்கு நேர் மேலே வந்து, விமானத்தைக் கவிழ்த்து, மூக்கைச் செங்குத்தாகத் தரைக்குத் திருப்பிவிடுவார்கள். சாய்வாக அல்ல, கிணற்றில் கல் போட்டதுபோல நேர் கீழே. சிறகில் வேகத்தடைப் பலகைகள் விரியும். விமானியின் எதிரே ஆகாயம் போய்விடும். தரை மட்டும் பெரிதாகிக்கொண்டே வரும். குண்டை விட்டதும் இழுத்து நிமிர்த்த வேண்டும். நிமிரும்போது உடலின் ரத்தமெல்லாம் காலுக்கு இறங்கிக் கண் இருட்டும். இன்ஜினோ எண்ணெயைக் குடிக்கும், நம் வெயிலில் கொதிக்கும். இந்தப் பொல்லாத விமானத்தை நம் பிள்ளைகள் பழகி வசப்படுத்தினார்கள். 1943 முடியும்போது 8-ம் ஸ்குவாட்ரன் அரக்கான் முனையில் இருந்தது.

தஞ்சாவூரின் கதை வேறு. பிரிட்டிஷ் விமானப்படையின் 36-ம் ஸ்குவாட்ரன் 1942 தொடக்கத்தில் மலாயாவில் விழுந்த படை. வில்டபீஸ்ட் என்ற பழைய இரட்டைச் சிறகு விமானங்களில் எண்டாவ் கடற்கரையில் ஜப்பானியக் கப்பல்களைத் தாக்கப் போய்ப் பெரும்பகுதியை இழந்தது. மிஞ்சியவர்கள் ஜாவாவில் பிடிபட்டார்கள். பெயர் மட்டும் எஞ்சிய அந்தப் படையை 1942 அக்டோபரில் மறுபடி எழுப்பிய இடம் தஞ்சாவூர். வெலிங்டன் என்ற இரட்டை இன்ஜின் விமானம் கொடுத்து, கடல்மேல் பறந்து கப்பலும் நீர்மூழ்கியும் தேடப் பழக்கினார்கள். 1943 நடுவில் அதே படை அல்ஜீரியாவுக்குப் போய் மத்தியதரைக் கடலில் ஜெர்மன் நீர்மூழ்கிகளைத் தேடியது.

தஞ்சையிலிருந்து வடகிழக்கே கடலுக்குப் போகிறவனின் கண்ணுக்கு நம் ஊர் எப்படித் தெரிந்திருக்கும்? அந்தக் காலத்து விமானிக்கு வழிகாட்ட செயற்கைக்கோள் இல்லை. தொடையில் கட்டிய வரைபடம், திசைகாட்டி, கைக்கடிகாரம், பிறகு தரை. கடலூர் – சிதம்பரம் கரைக்கு மேலே பறப்பவனுக்குத் தரை நன்றாகவே வழி சொல்லும். தெற்கிலிருந்து வந்தால் முதலில் அகன்ற கொள்ளிடம். அதன் வடக்கே நீண்டு கிடக்கும் வீராணம் ஏரி. அடுத்து சதுரமாக நான்கு கோபுரம் நின்றால் சிதம்பரம். கடலோரம் பச்சைத் திட்டுத் திட்டாக நீர்வழிகள் பின்னிக் கிடந்தால் பிச்சாவரம். வெள்ளாறு கடலில் சேரும் இடம் பரங்கிப்பேட்டை. பிறகு உப்பனாறும் கெடிலமும் சேர்ந்து நிற்க கடலூர் முதுநகர், அதற்கும் வடக்கே பெண்ணையாறு. நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலையின் புகை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்தால் காற்றின் திசை தெரியும். ஆறு ஆறாக எண்ணிக்கொண்டே போகலாம். பரஞ்சோதி முனிவரும் சேக்கிழாரும் நாட்டுச் சிறப்பு பாடிய நாட்டில், மேலிருந்து நாட்டைப் படித்துக்கொண்டு போன முதல் தலைமுறை இவர்கள்.

சோழவரத்துக்குத் தனியாக ஓர் அத்தியாயமே எழுதலாம். இங்கே ஒரு சம்பவம் மட்டும். 1944-ல் பிரிட்டிஷ் விமானப்படையின் 27, 47-ம் ஸ்குவாட்ரன்கள் பியூஃபைட்டர் விமானங்களோடு அங்கே வந்து, கப்பல்களைத் தாக்கும் பயிற்சி எடுத்தன. அக்டோபரில் 47-ம் ஸ்குவாட்ரனை எலகங்காவுக்கு அனுப்பி மாஸ்கிட்டோ கொடுத்தார்கள். மாஸ்கிட்டோ ஏறக்குறைய முழுக்க மரத்தால் ஆன அதிவேக விமானம், ஐரோப்பாவில் பேர் வாங்கியது. எலகங்காவிலும் கோலாரிலும் அதற்கென்றே பயிற்சிப் பிரிவு நடந்தது. ஆனால் நம் வெயிலும் புழுக்கமும் மழையும் அந்த மரத்தைச் சும்மா விடவில்லை. பசை விட்டது, ஒட்டுப்பலகை பிரிந்தது. 1944 இறுதியில் இந்தியாவிலிருந்த மாஸ்கிட்டோக்களில் சிறகு பிரிந்து விழுந்த விபத்துகளால் அவற்றைத் தரையில் நிறுத்தி ஒவ்வொன்றாகச் சோதித்தார்கள். 47-ம் ஸ்குவாட்ரன் மறுபடி பியூஃபைட்டருக்கே திரும்பியது, சரிசெய்த மாஸ்கிட்டோ அடுத்த ஆண்டுதான் வந்தது. குற்றம் தட்பவெப்பத்திலா, ஒட்டிய தொழிற்சாலையின் வேலையிலா என்று அப்போதே வாதம் நடந்தது. இரண்டும்தான் என்பது என் முடிவு. ஒழுங்காக ஒட்டிய பலகைக்கே நம் ஆடி வெயிலும் ஐப்பசி மழையும் சோதனை. ஒழுங்கில்லாமல் ஒட்டியதற்குக் கேட்கவே வேண்டாம்.

இந்த அத்தியாயத்துக்காகப் படித்ததில் என்னை மிகவும் மகிழ வைத்தது பிரிட்டிஷ் கடற்படை வைத்த பெயர்கள். அவர்களின் விமானதளங்களுக்குப் பறவைப் பெயர் சூட்டுவது வழக்கம். தரையில் இருந்தாலும் அது கப்பல் கணக்குதான். பெயருக்கு முன்னால் அரசரின் கப்பல் என்ற அடைமொழி வரும். திரிகோணமலையிலும் கொழும்பிலும் நின்ற விமானம் தாங்கிக் கப்பல்களின் விமானங்களைப் பழுது பார்க்கவும், விமானிகளுக்குக் கரையில் பயிற்சி கொடுக்கவும் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் தளங்கள் வைத்தபோது, அவற்றில் பலவற்றுக்கு இந்த மண்ணின் பெயர்களையே தேடிப் பிடித்தார்கள். கோயம்புத்தூர் ‘கருடா’. சூலூர் ‘வைரி’. தாம்பரம் ‘வல்லூறு’. கொச்சி ‘கலுகா’, நம் கழுகுதான் அப்படி ஆகியிருக்கிறது என்று என் காது சொல்கிறது. கொழும்புக் குதிரைப்பந்தயத் திடல் ‘பேருண்டா’. புத்தளம் ‘ராஜாலியா’, நம் ராஜாளி. அந்தப் புத்தளத்தில் சேற்றில் சிக்கிய கோர்செயர் போர்விமானத்தை யானை இழுத்து நகர்த்தும் புகைப்படம் உலகப் புகழ் பெற்றது.

லண்டன் கடற்படைப் பட்டியலில் ‘வல்லூறு’ என்ற தமிழ்ச் சொல். யாரோ ஓர் அதிகாரி, யாரோ ஒரு தமிழரிடம் கேட்டுத்தான் எழுதியிருக்க வேண்டும். சுதந்திரத்துக்குப் பிறகும் மரபு தொடர்கிறது. அரக்கோணம் இந்தியக் கடற்படை விமானதளம் 1992-ல் தொடங்கப்பட்டபோது ‘ராஜாளி’ ஆனது. உச்சிப்புளி தளம் 2009-ல் ‘பருந்து’ ஆனது.

இத்தனையும் மக்கள் சம்மதத்தோடு நடந்ததாக யாரும் நினைக்க வேண்டாம். 1942 ஆகஸ்டில் ‘வெள்ளையனே வெளியேறு’ தீ பரவியது. அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர்கள் வகுப்பைப் புறக்கணித்துத் தெருவுக்கு வந்தார்கள். ஆகஸ்ட் 26-ம் தேதி இரவு சூலூரில் கட்டிக்கொண்டிருந்த விமானதளத்துக்குள் மக்கள் புகுந்து கொட்டகைகளுக்கும் லாரிகளுக்கும் தீ வைத்தார்கள். தொடர்ந்து போலீஸும் ராணுவமும் சுற்றுவட்டாரக் கிராமங்களில் புகுந்து அடித்த அடி இன்றும் கொங்கு நாட்டில் பேசப்படுகிறது. பலர் சிறை போனார்கள். அதே சூலூரில் இன்று இந்திய விமானப்படையின் பெரிய தளம் இயங்குகிறது. தீ வைத்தவர்களும் தியாகிகள்தான், அதே காலத்தில் அம்பாலாவில் பறக்கக் கற்ற இளைஞர்களும் இந்த நாட்டின் பிள்ளைகள்தான். ஒருவரை உயர்த்த மற்றவரைத் தாழ்த்தும் வேலையை நான் செய்ய மாட்டேன். அந்நியன் படையில் கற்ற பறக்கும் கலை 1947 அக்டோபர் 27-ல் ஸ்ரீநகரில் இறங்கிய டகோட்டாக்களில் நம் நாட்டுக்கே பயன்பட்டது.

போர் முடியும்போது, ‘அரச’ என்ற அடைமொழியை 1945 மார்ச்சில் பெற்றிருந்த இந்திய விமானப்படையில் ஏறக்குறைய 28,500 பேர் இருந்தார்கள். 1933-ல் கராச்சியில் முதல் பிரிவு நான்கு வாபிட்டிகளோடு தொடங்கியதை நினைத்தால் இது எத்தனை பெரிய வளர்ச்சி என்று புரியும்.

தளங்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு வழியில் போயின. சோழவரம் ஓடுதளத்தில் பல ஆண்டுகள் கார், மோட்டார் சைக்கிள் பந்தயம் நடந்தது. தாம்பரத்துக்கு 1954-ல் விமானப் பயிற்றுநர் பள்ளி வந்தது. பறக்கக் கற்றுக்கொடுப்பவர்களுக்குக் கற்றுக்கொடுக்கும் அந்தப் பள்ளி இன்றும் அங்கேதான். கோயம்புத்தூரில் விமானப்படையின் நிர்வாகக் கல்லூரி. தஞ்சாவூர் 2013-ல் மறுபடி விமானப்படைத் தளமானது, 2020 ஜனவரியில் சுகோய்-30 படைப்பிரிவு ஒன்று அங்கே குடியேறியது. வெலிங்டன் பறந்த அதே வானம்.

உளுந்தூர்பேட்டையோ அப்படியே கிடக்கிறது. உடான் திட்டத்தில் பயணிகள் விமானம் வரும் என்று பட்டியலில் பெயர் வந்தது, விமானம் வரவில்லை. காகிதங்கள் நிலைமை இன்னும் மோசம். ஓடுதளம் போட்டபோது அந்த ஊர் கடலூரைத் தலைநகராகக் கொண்ட தென்னாற்காடு. 1993-ல் ஜில்லாவைப் பிரித்தபோது விழுப்புரத்தோடு போனது. 2019-ல் கள்ளக்குறிச்சிக்குப் போனது. ஊர் அங்கேயே நிற்க, அதன் ரெக்கார்டு மட்டும் மூன்று கலெக்டர் அலுவலகங்களுக்கு அலைந்தது. அலைந்த காகிதம் குறையாமல் போய்ச் சேராது.

ஆகவே கடலூர், சிதம்பரம், விருத்தாசலம், உளுந்தூர்பேட்டைப் பக்கத்து வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பழைய டிரங்குப் பெட்டியில், 1942 முதல் 1946 வரை தேதியிட்ட நிலம் எடுப்பு நோட்டீஸ், நஷ்டஈடு ரசீது, காண்ட்ராக்டர் கூலிச் சீட்டு, ஏரோட்ராம் என்று குறித்த பழைய பத்திரம் ஏதாவது இருந்தால் தூக்கிப் போடாதீர்கள். நகல் எடுத்து ஒன்றைச் சென்னை எழும்பூர் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்கு அனுப்பிவையுங்கள். வீட்டில் தொண்ணூறு வயதைத் தாண்டிய பாட்டி இருந்தால், அவர் அங்கே மண் சுமந்தாரா, ஜல்லி உடைத்தாரா, ஒரு நாளுக்கு என்ன கூலி வாங்கினார் என்று கேட்டு, இந்த வாரமே எழுதி வையுங்கள். அவர் பெயரையும் சேர்த்து எழுதுங்கள்.

(தொடரும்)